கடைக்குக் கொடுத்த எண்

ஆம்பூரின் செருப்புக் கடையானாலும் வேலூரின் ஜவுளிக் கடையானாலும், பில் போடுமுன் கைப்பேசி எண் கேட்கப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. வேலூரை அடுத்த பாகாயத்து நியாயவிலைக் கடையிலோ குடும்ப அட்டையும் ஆதாரும் கைரேகையும் பதிந்த பின்னரே அரிசி கிடைக்கிறது. இவ்வாறு திரட்டப்படும் விவரங்கள் காக்க வேண்டியவரின் பிடியிலிருந்து நழுவி அந்நியர் கைக்குப் போவதே தரவுக் கசிவு எனப்படுகிறது.

தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 49 லட்சம் பேரின் ஆதார் எண்ணும் முகவரியும் குடும்ப உறவுமுறையும், சிலரது கைப்பேசி எண்ணும், இணையத் திருடர் கூடும் தளமொன்றில் ஏற்றப்பட்டிருந்ததை 2021-இன் நடுவில் பெங்களூருவின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான டெக்னிசாங்க்ட் வெளிப்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு இணைய மளிகை நிறுவனமான பிக்பாஸ்கெட்டின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவு போயின. அங்கே பறிபோனவற்றுள் கடவுச்சொல்லின் குறியாக்க வடிவமும் இருந்தது. அது மாற்றிக்கொள்ளக் கூடியது. குடும்ப உறவுமுறையையும் ஆதார் எண்ணையும் யாரால் மாற்ற இயலும்? நியாயவிலைக் கடைக் கசிவே பெரிய கேடு என்று கருதுவதற்குக் காரணம் இதுதான்.

இவ்வாறு கசிந்த விவரத்தைக் கொண்டு, குடும்ப அட்டையிலுள்ள மகன் பெயரையும் தெருவையும் பிசகாமல் சொல்லி, "கேஒய்சி முடியப்போகிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று பேசும் குரலை வங்கிக் குரலென்று நம்புவது இயல்பே. அதனினும் நுட்பமானது ஆதார் வழிப் பணப்பட்டுவாடா: வங்கிப் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஓடிபி இன்றியே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறை இது. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகையைப் படியெடுத்துப் பணம் சுருட்டிய வழக்குகள் நாட்டின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளன. தோல் தொழிற்சாலைக் கூலியை ஆதார் இணைந்த கணக்கில் பெறுவோர், ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ தம் கைரேகையைப் பூட்டி வைப்பது நல்லது. பூட்டிய கைரேகை நியாயவிலைக் கடைக் கருவியிலும் செல்லாது என்பதால், பொருள் வாங்கப் போகுமுன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். இந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலர் பூட்டாமல் விடுகின்றனர்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத வேறிடத்தில் குறை நேர்ந்து, வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஓடிபியைத் தாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை நேர்ந்த இழப்பு அவருடையது. கசிந்த விவரங்களைக் கொண்டு தம் பெயரில் வேறு யாரேனும் சிம் வாங்கியுள்ளனரா என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறினாலும், அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் வகைசெய்கிறது. ஆனால் அத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லுமே அன்றி, விவரம் பறிகொடுத்தவருக்கு ஒரு காசும் வராது. சட்டத்தின் பெருங்குறை இது.

ஆகவே தேவையற்ற இடத்தில் விவரங்களைக் கொடுக்காதிருப்பதே எஞ்சும் காப்பு. கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாதென 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. பில் போடும் இடத்தில் எண் கேட்கப்படும்போது, தர விருப்பமில்லை என்று வாசகர்கள் தயங்காமல் சொல்லலாம்.