அத்தையையும் கணக்கில் சேருங்கள்

கம்பம் பக்கத்தில் ஒரு காலனி. ஏலத்தோட்டத்து ஜீப் வந்து நின்று, பெண்கள் இறங்கி, உலையை வைத்துவிட்டு சமுதாயக் கூடத்துக்கு வந்து சேர இரவு ஏழரை ஆகிவிட்டது. மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசப் போயிருந்தோம். கட்டி, வலி, ஆபரேஷன் என்று பேசியவரை எல்லோரும் காது கொடுத்தார்கள். "உங்க குடும்பத்துல யாருக்காவது வந்திருக்கா?" என்று கேட்டோம். கூடமே அடங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முப்பது வயதிருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "எங்கம்மாவுக்கு நாப்பதுல வந்துச்சுங்க. வெளிய சொல்லிராதீக. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறோம்."

அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். பிறப்பைச் சொல்லியே ஒதுக்கப்பட்ட சனங்களிடம் போய், 'உங்கள் ரத்தத்தில் ஏதோ இருக்கலாம், சோதித்துப் பாருங்கள்' என்றால் அது எப்படிக் காதில் விழும்? மரபு என்பதே நமக்கு லேசான சொல் இல்லை. தமிழ் படிக்கும் மாணவர்கள் தொல்காப்பியத்து மரபியலைப் புரட்டிப் பார்க்கட்டும். நால்வகைப் பிரிவும் அவரவர்க்கு உரியவையும் அங்கேதான் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் மருத்துவர் சொல்லும் மரபணு அந்த மரபு அல்ல. ஐரோப்பிய வழி யூதக் குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு மரபணு மாற்றம், தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அது யாரிடமும் சாதிச் சான்றிதழ் கேட்டு நுழைவதில்லை.

பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்கள் எல்லோர் உடம்பிலும் உண்டு. செல்லுக்குள் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்வது அவற்றின் வேலை. அதில் ஒன்று பழுதோடு பிறந்தால் அந்த வேலை சரியாக நடக்காது. புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, நோய் திரும்பத் திரும்ப வந்த குடும்பங்களின் வம்சாவளியை ஆராய்ந்துதான் 1990-இல் முதல் மரபணு இருக்கும் இடத்தைக் காட்டினார். 1994-இல் ஒன்றும் 1995-இல் மற்றொன்றும் கண்டுபிடிக்கப்பட்டன.

மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் அது இப்படிப் பரம்பரையாக வருகிறது. ஆகவே அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்பது தவறு. ஆனால் பி.ஆர்.சி.ஏ.1 பழுதோடு பிறந்த பெண்கள் 100 பேரில் 60-க்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் எப்போதாவது மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம்.

நம் பெண்கள் தவறவிடுவது இன்னொன்று. அன்று கூடத்தில் ஒரு கல்லூரி மாணவி இருந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் குடும்பத்தை வரைந்தோம். அம்மாச்சி, பெரியம்மா, சின்னம்மா என்று அம்மா வழி முழுக்கச் சொல்லி, "யாருக்கும் இல்லைங்க" என்றார். அப்பா வழியைக் கேட்டோம். அவருடைய அம்மா குறுக்கே வந்தார்: "அது அவுக வீட்டு நோயி. நமக்கு எதுக்குங்க?"

அவுக வீட்டில் ஒரு அத்தை. 38 வயதில் ஒரு பக்க மார்பை எடுத்திருக்கிறார்கள். அப்பத்தா 'வயித்துல நீர் கோத்து' இறந்திருக்கிறார். செய்வினை என்று ஊரில் பேச்சு. வயிறு வீங்கிச் சாவதற்குக் காரணங்கள் பல உண்டு. சினைப்பைப் புற்றுநோயும் அதில் ஒன்று என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பழுது அப்பா வழியாகவும் வரும். பழுதுள்ளவர் ஆணானாலும் பெண்ணானாலும், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு சரிபாதி, நாணயம் சுண்டுவதுபோல.

ரத்த உறவில் யாருக்காவது 50 வயதுக்கு முன்பே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், இரண்டு மார்பிலும் வந்திருந்தால், சினைப்பையில் வந்திருந்தால், ஆண் ஒருவருக்கு மார்பில் வந்திருந்தால், அல்லது ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும்.

ஆலோசனை என்றவுடன் ஊசி குத்திவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் உட்கார வைத்துப் பேசுவார்கள். காலண்டர் தாளில் நாம் வரைந்த அதே படத்தை அவர்களும் வரைவார்கள். சோதனை தேவையா, எதற்கு, முடிவு வந்தால் என்ன செய்வது என்று விளக்குவார்கள். வேண்டாம் என்று எழுந்து வர நமக்கு உரிமை உண்டு. நம் சம்மதம் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்கோ மற்றவருக்கோ அவர்கள் சொல்லக் கூடாது. சோதனை செய்வதானால், ஏற்கெனவே நோய் வந்தவருக்கு முதலில் செய்வதுதான் நல்லது. அவரிடம் பழுது தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். சில நேரம் 'மாற்றம் இருக்கிறது, அர்த்தம் தெளிவில்லை' என்றும் முடிவு வரும். அதைப் பிடித்துக்கொண்டு பயப்படவும் கூடாது, ஆபரேஷனுக்கு ஓடவும் கூடாது.

பழுது இருக்கிறது என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இளம் வயதிலிருந்தே ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம். பிள்ளை பெற்று முடித்தபின் சினைப்பையை எடுத்துக்கொள்ளலாம். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-இல் மார்பகங்களை எடுத்துக்கொண்டதை வெளிப்படையாக எழுதினார். அது அவருடைய முடிவு. எல்லோரும் அதையே செய்ய வேண்டியதில்லை.

"மாமனைக் கட்டுனதாலயா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் இந்தப் பழுது உண்டாவதில்லை. ஆனால் கணவன், மனைவி இருவரிடமும் ஒரே மரபணுவில் பழுது இருந்தால் பிள்ளைக்குக் கடுமையான ரத்த நோய் வர அரிதாக வாய்ப்புண்டு. ஆகவே சொந்தத்தில் கட்டியிருந்தால் அதையும் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எங்கே போவது? 30 வயது கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை இலவசம். அங்கே தொடங்கலாம். குடும்பத்தில் வந்திருப்பதைச் சொல்லி, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ பரிந்துரை கேட்க வேண்டும். பரம்பரைப் புற்றுநோய்க்கான ஆலோசனையைப் பல ஆண்டுகளாக நடத்திவருவது சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது அது. அவரும் தாயின் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர்தான்.

போடியிலிருந்து சென்னைக்கு இப்போது ரயில் ஓடுகிறது. ஆனால் போக, வர, காத்திருக்க என்று மூன்று நாள் கூலி போனால் வீட்டில் யார் சமைப்பது, எதை வைத்துச் சமைப்பது? க.விலக்கிலேயே மாதம் ஒரு நாள் இந்த ஆலோசனைக்கென்று ஒதுக்க வேண்டும். சோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் இதைக் கேட்கிறோம். கிராமசபையில் தீர்மானமாகவும் போடலாம்.

அன்று கூட்டம் கலையும்போது மணி ஒன்பதரை. காலை ஐந்து மணிக்கு ஜீப் வந்துவிடும். அந்த மாணவி காலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டே அம்மாவிடம், "முதல்ல சோதிக்க வேண்டியது அத்தைக்காம்" என்றார். அத்தை வண்டன்மேட்டில் இருக்கிறார். ஒரு கல்யாணச் சண்டைக்குப் பிறகு நான்கு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளிடமிருந்து போனை வாங்கி, எங்களை விட்டுத் தள்ளிப்போய், "மதினி, நான்தான் பேசுறேன்" என்று ஆரம்பித்தார்.