திருவாசகமும் சிம்பொனியும்



மார்கழி விடியற்காலையில் நம் காவேரிப்பாக்கம் கோயில்களில் திருவெம்பாவை கேட்டிருப்பீர்கள். அது மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்தின் ஒரு பகுதி. திருவாசகத்துக்கு உருகாதவர் வேறு எதற்கும் உருகமாட்டார் என்பார்கள் பெரியவர்கள்.

அந்தத் திருவாசகத்திலிருந்து ஆறு பகுதிகளை எடுத்து, மேல்நாட்டு முறையில் இசையமைத்து, 2005-ஆம் ஆண்டு வெளியிட்டார் இளையராஜா. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. தமிழ்ப் பாடலுக்கு நடுவே கோரஸ் குழு ஆங்கில வரிகளும் பாடியது.

கோரஸ் என்றால்? பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவோம். வேலூர்ப் பக்கம் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் பாட்டைக் கவனியுங்கள். பெண்கள் மேல் குரலில் ஒரு மெட்டு, ஆண்கள் கீழ்க் குரலில் வேறொரு மெட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஆனாலும் இனிமையாகச் சேரும். அதுதான் கோரஸ்.

இதைக் கேட்டவர்கள் ஒரே மாதிரி பேசவில்லை. பலர் கண் கலங்கினார்கள். "இனி இளைஞர்களும் திருவாசகம் கேட்பார்கள்" என்று மகிழ்ந்தார்கள். ஓதுவார் குரலில் கேட்டுப் பழகியவர்கள் சிலருக்கோ இது அந்நியமாகப் பட்டது. "பக்திப் பாட்டில் ஆங்கிலம் எதற்கு?" என்றும் கேட்டார்கள். இசை அறிந்த சிலர், "இது சிம்பொனி அல்ல, ஆரட்டோரியோ" என்றார்கள். அது சரிதான். சிம்பொனியில் பெரும்பாலும் வாத்தியங்களே பேசும். பாடகர், கோரஸ், வாத்தியக் குழு மூன்றும் சேர்ந்து, நடிப்பு இல்லாமல் ஒரு பெரிய பொருளைப் பாடினால் அது ஆரட்டோரியோ. இளையராஜாவின் 'வேலியன்ட்' என்ற சிம்பொனி 2025 மார்ச் மாதம் லண்டனில் அரங்கேறியது.

உலகப் புகழ் பெற்ற ஆரட்டோரியோவுக்கும் இப்படி நடந்ததுண்டு. ஹாண்டெல் அமைத்த 'மெசையா' 1742-இல் டப்ளினில் பாராட்டுப் பெற்றது. மறு ஆண்டு லண்டனில், "வேத வசனங்களை நாடகக் கொட்டகையில் பாடுவதா?" என்று எதிர்ப்பு வந்தது. இன்றோ உலகம் முழுவதும் அதைப் பாடுகிறார்கள்.

அப்படியானால் குறை சொன்னவர்கள் எல்லாம் தவறா? இல்லை குழந்தைகளே! பழையதைக் காக்க வேண்டும் என்ற அக்கறையும் நல்லதே. புதியதைச் செய்து பார்க்கும் துணிவும் நல்லதே. காது கொடுத்துக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதுதான் தவறு.

ஒரு வேலை தருகிறேன். ஓதுவார் பாடும் திருவாசகத்தை ஒரு நாள் கேளுங்கள். இளையராஜாவின் இசையில் மறுநாள் கேளுங்கள். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று நான்கு வரி எழுதுங்கள். உங்கள் நண்பன் வேறு மாதிரி எழுதியிருந்தால் சண்டை வேண்டாம். "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்!