விசாரிப்பும் வேவும்

"எதிர்க்கடைக்காரன் இன்டைக்கு என்ன விலைக்குக் குடுக்கிறான்?" என்று விசாரிக்காத வியாபாரி இல்லை. பன்னாட்டுக் கம்பனிகள் இந்த விசாரிப்பைத் தனிப் பிரிவாக்கி, 'வணிகப் புலனாய்வு' என்று பெயரிட்டிருக்கின்றன. 1980களில் மோட்டரோலா கம்பனி, சீ.ஐ.ஏ.யில் பணியாற்றிய ஜான் ஹெரிங்கைக் கொண்டு அத்தகைய பிரிவொன்றை அமைத்தது.

பெயரைக் கேட்டால் ஒளிந்து பார்க்கும் வேலை போலத் தோன்றும். ஆனால் வேண்டிய தகவலில் பெரும்பகுதி பகிரங்கமாகவே கிடக்கிறது: காப்புரிமைப் பதிவுகள், ஆண்டறிக்கைகள், ஆட்சேர்ப்பு விளம்பரங்கள், வர்த்தகக் கண்காட்சிகள், விநியோகஸ்தர்களின் பேச்சு. ஒரு கம்பனி பற்றரிப் பொறியியலாளர்களைத் தேடுகிறது. அதே துறையில் காப்புரிமையும் கோருகிறது. தொழிற்சாலைக்குக் காணியும் வாங்குகிறது. தனித்தனியே இவை சில்லறைச் செய்திகள். சேர்த்துப் பார்த்தால், சந்தைக்கு என்ன வரப்போகிறது என்பது முன்கூட்டியே புலப்படும்.

இதற்கோர் எல்லை உண்டு. யுனிலீவரின் கூந்தல் பராமரிப்புப் பொருட்களைப் பற்றி அறிய, புரொக்டர் அன்ட் கேம்பிள் கம்பனிக்காக வேலைசெய்தவர்கள் அதன் குப்பைகளைக் கிளறிய விடயம் 2001இல் வெளிவந்தது. சட்டத்தை மீறவில்லை, தமது சொந்த விதிகளையே மீறினோம் என்றது புரொக்டர். தானாகவே யுனிலீவருக்கு அறிவித்தும், அது நட்டஈடு கொடுத்தே விவகாரத்தைத் தீர்க்க வேண்டியதாயிற்று.

நமக்கு இந்த எல்லை புதிதல்ல. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. 12ஆம் வசனமோ வீண் சந்தேகத்தையும், பிறரைத் துருவித் துருவி ஆராய்வதையும் விலக்குகிறது. விசாரிப்பு கடமை, வேவு தடை. இரண்டும் ஒரே அத்தியாயத்தில்தான் இருக்கின்றன.

ஆனால், நேர்மையாகத் திரட்டிய தகவலும் தானாகப் பலன் தராது. டிஜிட்டல் கெமராவை 1975இல் தன் ஆய்வுகூடத்திலேயே உருவாக்கியது கொடாக். 1981இல் சோனியின் மின்னணுக் கெமரா அறிவிக்கப்பட்டதும், கொடாக்கின் சந்தைப் புலனாய்வுப் பிரிவு ஓர் ஆய்வு நடத்தியது. டிஜிட்டல் முறை பிலிமின் இடத்தைப் பிடிக்கக்கூடும், அதற்குச் சுமார் பத்து வருடங்கள் செல்லும் என்பது அதன் முடிவு. கணிப்பு பெரிதும் பிழைக்கவில்லை. ஆனால் பிலிமில் வந்த இலாபத்தை விட்டுவிட நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. 2012 ஜனவரியில் கொடாக் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

ஆகவே தகவல் திரட்டுவது பாதி வேலைதான். கசப்பான செய்தியைக் கொண்டுவருபவருக்கு முதலாளியின் அறைக்கதவு திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.