கள்ளி சாய்ந்தது, கண் தப்பியது!

பெங்களூரில் செப்டம்பர் மாத மழை எப்படி இருக்கும் என்பது இங்கே பிழைக்க வந்த நமக்குத் தெரியும். பகலெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மாலை 5 மணிக்கு மேல் வானம் கறுக்கும். ஆபீஸ் விட்டு வீடு போய்ச் சேருவதற்குள் சட்டையைப் பிழியலாம்.

அப்படி மூன்று நாள் விடாமல் கொட்டிய ஓர் இரவில், எங்கள் ரயில்வே குவார்ட்டர்சின் பின்பக்கம் ‘தடால்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். நான் அப்போது பார்சல் ஆபீசில் இரவு டியூட்டி. காலையில் வீட்டுக்குள் கால் வைத்ததுமே அம்மா சொன்னார்:

‘‘அப்பா வச்ச கள்ளி விழுந்துடுச்சுடா.’’

அப்பாவும் ரயில்வேதான். தண்டவாளத்தில் கேங் வேலை. ஜோலார்பேட்டை பக்கம் ஒரு வயல் வேலியில் முழ நீளத் துண்டு ஒன்றை ஒடித்து, சாக்கில் சுற்றி, பாசஞ்சர் வண்டியில் கொண்டு வந்து நட்டாராம். திருஷ்டி கழியும் என்பது அவர் நம்பிக்கை. அவர் ஓய்வு பெற்ற பிறகு அதே வீடு என் பெயருக்கு வந்தது. இன்று அப்பா இல்லை. கள்ளி இருந்தது.

அது சதுரக்கள்ளி. 12 அடி உயரம். அடிமரம் ஆள் தொடை கனம். மேலே குத்துவிளக்குப் போல 20-க்கு மேற்பட்ட கிளைகள். அத்தனையும் அடுத்த வீட்டுக் கொடிக்கயிற்றையும் அறுத்துக்கொண்டு, சுவர் மேல் சாய்ந்து கிடந்தது.

அரிவாள் கொடுத்தவன் நான்

அடுத்த வீட்டில் இருப்பவர் அரக்கோணத்துத் தம்பி. உதவி லோகோ பைலட். வயது 28. அன்று அவருக்கு ஓய்வு நாள்.

‘‘ராத்திரி முழுக்க முழிச்சுட்டு வந்திருக்கீங்க. நீங்க போய்த் தூங்குங்கண்ணே. நான் வெட்டிப் போட்டுடறேன்’’ என்றார்.

எனக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அரிவாளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நம் ஊர்ப் பக்கம் கள்ளிப்பால் என்ற வார்த்தையைச் சொன்னாலே பெரியவர்கள் முகம் மாறும். அதன் விஷம் தெரியாதவர்கள் நாம் அல்ல. ஆனாலும் வீட்டுக் கொல்லையில் 20 வருஷம் கூடவே நின்ற செடியாயிற்றே என்ற அலட்சியம்!

அரிவாளை ஓங்கி வெட்ட வெட்ட, பால் தெறித்தது. வலது கண்ணில் ஒரு சொட்டு. தம்பி ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணைக் கழுவினார், துண்டால் துடைத்தார், வேலையைத் தொடர்ந்தார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது போல இருந்ததாம். கள்ளிப்பாலின் சூதே அதுதான். முதலில் எரியும், பிறகு சில மணி நேரம் கழித்துத்தான் முழு வேலையைக் காட்டும்.

மாலை 7 மணிக்கு வாசலில் வந்து நின்றார். கண் இமை வீங்கி மூடிக்கிடந்தது. ‘‘அண்ணே, லைட்டைப் பார்க்க முடியலே. எல்லாம் புகை மாதிரி இருக்கு’’ என்றார். பின்னால் அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்று அழுதுகொண்டிருந்தார்.

ரயில்வேயில் இருப்பவர்களுக்குத்தான் அந்த அழுகையின் அர்த்தம் புரியும். எஞ்சினில் ஏறுகிறவருக்குக் கண்தான் சோறு. மருத்துவச் சோதனையில் ‘ஏ-1’ வகுப்பு வேண்டும். வேலைக்குச் சேரும்போதே கண்ணாடி இல்லாமல் 6/6 பார்க்க வேண்டும். பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. தேறாவிட்டால் எஞ்சினிலிருந்து இறக்கி வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். ‘சிக்’கில் இருக்கும் நாளில் வண்டி ஓட்டினால் வரும் கிலோமீட்டர் படியும் கிடையாது.

ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண்ணேறு போக வைத்த கள்ளி, கண்ணுக்கே வினையாயிற்று!

பால் பட்டால் என்ன செய்வது?

அன்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

கண்ணில் கள்ளிப்பால் பட்டால் அந்த நிமிஷமே குழாயடிக்குப் போக வேண்டும். இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். ஒரு கை தண்ணீர் போதாது. கண்ணைக் கசக்கக் கூடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று பக்கத்து வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். எரிச்சல் நின்றுவிட்டது என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். என்ன செடி என்று காட்ட, செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு உதவி.

சரியான நேரத்தில் வைத்தியம் நடந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பார்வை திரும்பிவிடும். அலட்சியம் செய்தால் கருவிழியில் தழும்பு விழுந்து, பார்வையே போகலாம்.

தோலில் பட்டாலும் சோப்புப் போட்டு உடனே கழுவுங்கள். சிலருக்குக் கொப்புளம் கிளம்பும்.

ஏன் விழுந்தது?

மறுநாள் ஒரு தோட்டக்காரப் பெரியவரை அழைத்து வந்தேன். தர்மபுரி பக்கத்துக்காரர். 40 வருஷமாக இங்கே நர்சரிகளில் வேலை. அவர் கள்ளியைப் பார்க்கவில்லை. கள்ளியின் காலடியைப் பார்த்தார்.

‘‘இந்தத் துவைக்கிற கல்லை எப்போ போட்டீங்க?’’ என்றார்.

‘‘ரெண்டு வருஷம் ஆச்சு.’’

‘‘அதான்! தண்ணி இல்லாமச் செத்த கள்ளியை நான் பார்த்ததில்லே. தண்ணி ஊத்திச் செத்த கள்ளி நூறு பார்த்திருக்கேன்.’’

துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் தினமும் அதன் வேரில்தான் பாய்ந்திருக்கிறது. அடிமரத்தை அவர் குச்சியால் குத்திக் காட்டினார். வெளியே பச்சை, உள்ளே கறுத்து, கூழாகி, நாற்றம் அடித்தது. வேர் அழுகிவிட்டது.

அவர் சொன்ன மற்றக் காரணங்கள் இவை:

கள்ளிக்கு வேர் ஆழமாகப் போகாது. மேல் மண்ணிலேயே பரவி நிற்கும். எப்போதோ பெய்யும் மழையை உடனே உறிஞ்சுவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆனால் பாரம் தாங்க அது போதாது.

மழை பெய்ததும் தண்டு தண்ணீரைக் குடித்து ஊதும். ஒவ்வொரு கிளையும் நீர் நிறைந்த பக்கெட் போலக் கனக்கும். அதே மழையில் மண்ணும் இளகிவிடும். பாரம் கூடும் நேரமும், பிடி தளரும் நேரமும் ஒன்றாக வருகின்றன.

மூன்றாவது, வெளிச்சம். நாங்கள் பின்பக்கம் ஷீட் போட்டு இறக்கியதால், கள்ளி வெயிலைத் தேடி அடுத்த வீட்டுப் பக்கமே கிளை விட்டிருக்கிறது. நாலு பக்கமும் இருக்க வேண்டிய பாரம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டது. மனிதனுக்கு மட்டும் அல்ல. செடிக்கும் தலைக்கனம் ஆகாது!

வெட்டும் முறை

சாய்ந்த கள்ளியை எல்லாம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அடிமரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்து, வேரும் அறாமல் லேசாகச் சாய்ந்திருந்தால் பிழைக்கும். தலைப்பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, ஒரே நாளில் இழுக்காமல் சில நாட்களில் மெல்ல நிமிர்த்த வேண்டும். மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து, பழைய சைக்கிள் டியூபால் கட்டலாம். கயிறு நேராகப் பட்டால் தோல் அறுந்துவிடும். நிமிர்த்திய பின் அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்கக் கூடாது, அழுகும்.

அடி மெத்தென்று இருந்தால், அல்லது ஆள் உயரத்துக்கு மேல் போய் முழுக்க விழுந்திருந்தால், வெட்டுவதே வழி. அதற்கு முன் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை. குழந்தைகளையும் நாய், ஆடு, மாடுகளையும் அப்புறப்படுத்துங்கள். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

அரிவாள் வேண்டாம், பால் தெறிக்கும். ரம்பம்தான் சரி. நுனியிலிருந்து தொடங்கி அடியை நோக்கி வர வேண்டும். முதலில் அடியை அறுத்தால் மொத்தமும் உருண்டு மேலே விழும். முள் உள்ள கிளையைப் பிடிக்கத் தினசரித் தாளைப் பல மடிப்பாக மடித்துப் பட்டையாக்கிச் சுற்றிக்கொள்ளலாம். படித்து முடித்த நம் பத்திரிகைக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் வடிவது நிற்கும். அழுகிய பக்கம் வரும்போது, ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். உள்ளே பழுப்புக் கறை துளியும் இல்லாமல் சுத்தமாகத் தெரியும் வரை மேலே மேலே வெட்டிக்கொண்டு போக வேண்டும். கறை உள்ள துண்டை நட்டால் அதுவும் அழுகும்.

கழிவைப் பச்சையாகக் கொளுத்தாதீர்கள். புகையும் கண்ணை எரிக்கும். ஏரியில், குளத்தில் போடாதீர்கள். கள்ளிப்பால் மீனைக் கொல்லும்.

மறுபடி நடுவது

இதில் அவசரமே கூடாது. நல்ல துண்டுகளைப் பொறுக்கி, மழை படாத நிழலில் நிற்கவைத்தாற்போலச் சாத்த வேண்டும். படுக்கவைத்தால் நுனி வளைந்து மேலே கிளம்பும். கனத்த துண்டுக்கு மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே நட வேண்டும்.

மண்ணில் பாதிக்குப் பாதி மணலும் செங்கல் பொடியும் சேர்த்து, நாலு விரல் ஆழத்தில் நட்டு, குச்சி ஊன்றிக் கட்டினால் போதும். முதல் இரண்டு வாரம் தண்ணீரே காட்டக் கூடாது. ஒன்றரை அடித் துண்டு நல்லது. மூன்றடித் துண்டை நட்டால் வேர் விடும் முன்பே சாயும்.

எல்லாம் ஒன்றல்ல

முள் இருப்பதெல்லாம் கள்ளி என்று நாம் சொல்கிறோம். கன்னடத்துக்காரர்களும் ‘கள்ளி’ என்றே சொல்கிறார்கள். ஆனால் ஊசியால் லேசாகக் குத்தினால் வெள்ளைப் பால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் நம் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி இனம். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் திருகுக்கள்ளிக்கு வைத்த அறிவியல் பெயரிலேயே மலையாளக் கரையின் ‘திருக்கள்ளி’ என்ற பெயர் ஒலிக்கிறது. பால் இல்லாமல் தண்ணீர் போலக் கசிந்தால் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்தி, தூண் வகைகள். அவற்றுக்கும் வெட்டி, உலர்த்தி, நடும் முறை ஒன்றுதான். கண் ஆபத்து மட்டும் குறைவு.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ‘சகுவாரோ’ என்ற தூண் வகை 40 அடிக்கு மேலும் வளரும். பல டன் எடை. 2023 கோடையில் இரவிலும் வெப்பம் தணியாததால் அவற்றில் பல கை ஒடிந்தும், அடியோடு சாய்ந்தும் விழுந்தன. இந்த இனம் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில்தான் மூச்சு விடும். பாலைவனத்துச் செடிக்கும் வெப்பத்தில் ஓர் எல்லை இருக்கிறது.

இன்னொன்று நம் ஆட்களுக்குப் பழக்கமானது. தண்டவாள ஓரத்தில் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழை. பல வருஷம் கழித்து ஒரே ஒரு முறை 20 அடிக்குக் கம்பம் விட்டுப் பூக்கும். பிறகு தாய்ச் செடி செத்துச் சாயும். அதற்கு முட்டுக் கொடுப்பது வீண் வேலை. கம்பம் காய்ந்ததும் அறுத்துவிட்டு, அடியில் இருக்கும் கன்றுகளைப் பெயர்த்து வையுங்கள். அதன் சாறும் உடம்பில் பட்டால் அரிக்கும்.

ஒன்பதாம் நாள்

தம்பி ஒன்பது நாள் ‘சிக்’கில் இருந்தார். அந்த ஒன்பது நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாதான் தினமும் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

பத்தாம் நாள் ரயில்வே டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். தம்பி கடைசி வரி வரை படித்தார். வலது கண் 6/6. ‘ஃபிட்’ எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் நேரே எங்கள் பின்பக்கம்தான் வந்தார். ஏழு துண்டுகள் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தன.

‘‘எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடவா தம்பி?’’ என்று கேட்டேன்.

‘‘எதுக்குண்ணே? செடி என்ன பண்ணும்? கண்ணாடி போடாதது என் தப்பு.’’

‘‘அரிவாளைக் கொடுத்தது என் தப்பு’’ என்றேன்.

துவைக்கிற கல்லை இடம் மாற்றியாயிற்று. ஒரே ஒரு துண்டை மட்டும், சுவரை விட்டுத் தள்ளி, வெயில் படும் இடத்தில் வைத்தேன். பொங்கலுக்குள் பிடித்துக்கொண்டது, நுனியில் இரண்டு குருத்திலை. இனி கோடை தோறும் கிளையைக் குறைத்து, அதை இடுப்பு உயரத்துக்கு மேல் விடுவதாக இல்லை. மீதி ஆறு துண்டுகளையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது, கைக்குழந்தை இருக்கிற வீடா என்று கேட்டுவிட்டே கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு கள்ளி நின்றால், இந்த மழைக்கு முன் அதன் அடியை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் ரம்பத்தைத் தேடும் முன் கண்ணாடியைத் தேடுங்கள்.