விமானிகளின் பென்ஷனும் சட்டம் விட்டுவைத்த பின்வாசலும்

அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகளின் ஒப்பந்தத்தில் 2026 டிசம்பர் 31 என்றொரு தேதி இருக்கிறது. அன்றோடு ஒப்பந்தம் காலாவதியாகி, மறுநாளே நிர்வாகம் ஓய்வுக்காலப் பணத்தில் கைவைத்துவிடும் என்ற பயம் வாசகர் கடிதங்களில் தெரிகிறது. அப்படி நடக்காது. 1926-ம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936-ல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன்படி, அந்தத் தேதிக்குப் பிறகு ஒப்பந்தத்தைத் திருத்தலாம், அவ்வளவுதான். பேச்சுவார்த்தையும் மத்தியஸ்தமும் முடியும்வரை பழைய ஷரத்துகளே செல்லும், ஆண்டுக்கணக்கில் இழுத்தாலும்.

பணியாளர் ஏற்கெனவே ஈட்டிய பென்ஷனை நிர்வாகம் குறைக்கக்கூடாது என்று 1974-ன் எரிசா சட்டம் சொல்கிறது. இனி ஈட்டப்போவதை அது காப்பதில்லை. சங்கம் இல்லாத இடத்தில் முன்னறிவிப்பு கொடுத்து நிறுத்திவிடலாம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சங்கத்தின் சம்மதம் வேண்டும்.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த படி. நெருக்கடியில் உள்ள நிறுவனம் பென்ஷன் திட்டத்தையே முடித்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். நடப்பிலுள்ள தொழிற்சங்க ஒப்பந்தத்தை அது மீறுமானால் விண்ணப்பம் நகரக்கூடாது என்று சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. அதே பிரிவின் அடுத்த வாக்கியம், அரசு அமைப்பான ஓய்வூதிய உத்தரவாதக் கழகம் தானாகவே ஒரு திட்டத்தை முடிப்பதை இந்தத் தடை கட்டுப்படுத்தாது என்கிறது. முன்வாசலைப் பூட்டிய சட்டமே பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கழகம் உத்தரவாதம் தருவதாகச் சொல்வதும் ஓர் உச்சவரம்பு வரைதான்.

யுனைடெட் ஏர்லைன்ஸ் 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் நான்கு பென்ஷன் திட்டங்களில் சுமார் 980 கோடி டாலர் பற்றாக்குறை. திட்டத்தை முடிப்பதை எதிர்ப்பதில்லை என்று விமானிகள் சங்கம் ஒப்புக்கொண்டது. ஈடாக 55 கோடி டாலர் கடன்பத்திரங்கள் கிடைத்தன. பணிப்பெண்கள் சங்கம் மறுத்தது. நிறுவனம் 2005 ஏப்ரலில் கழகத்தோடு உடன்பாடு செய்துகொண்டது: 150 கோடி டாலர் வரை மதிப்புள்ள பத்திரங்களைக் கழகம் பெறும், திட்டங்களை முடிக்கும் வேலையைத் தானே செய்யும். இது ஒப்பந்த மீறல் என்று பணிப்பெண்கள் வழக்காடினார்கள். முடிப்பது கழகம்தான், நிறுவனம் அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஒப்பந்தம் கிழிபடவில்லை, பென்ஷன் திட்டம்தான் போய்விட்டது.

விமானிகளுக்கு இழப்பு இரட்டை. 2004-ன் உச்சவரம்பு, 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு ஆண்டுக்கு 44,386 டாலர். 60 வயதில் பென்ஷன் தொடங்கினால் அதில் 65 சதவீதம் மட்டுமே, 29,000 டாலருக்கும் குறைவு. 60 வயதுக்கு மேல் பயணிகள் விமானம் ஓட்டக்கூடாது என்று அன்று கட்டாயப்படுத்தியதும் அரசின் விதிதான். அது 65 ஆனது 2007 டிசம்பரில். இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ‘உத்தரவாதம்’ என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. கழகத்துக்கு வேறு வழியே இல்லை என்பதும் சரியல்ல: 2012-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டங்களை முடிக்க முயன்றபோது கழகம் வெளிப்படையாக எதிர்த்தது. திட்டங்கள் முடிக்கப்படவில்லை, இனி ஈட்டுவது மட்டும் நிறுத்தப்பட்டது. ஈட்டிய பென்ஷன் தப்பியது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

திவால் நீதிமன்றம் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாமா? செய்யலாம், ஆனால் 1984-ல் வந்த 1113-வது பிரிவின்படி நிர்வாகம் முதலில் சங்கத்தோடு பேசியாக வேண்டும்.

ஓய்வு பெற்றுவிட்டவர்களுக்காகச் சங்கம் பேசுமா? பேசவேண்டிய கட்டாயமில்லை, யுனைடெட்டின் ஓய்வுபெற்ற விமானிகள் தனியே வழக்காடித் தோற்றார்கள்.

அப்படியானால் டெல்டா விமானிகளுக்கு இப்போது இருப்பது எது? பழைய பென்ஷன் திட்டம் 2006 செப்டம்பரில் முடிந்துவிட்டது. நிறுவனம் அவரவர் கணக்கில் பணம் செலுத்துகிறது, சந்தை சரிந்தால் நஷ்டம் விமானிக்கு.