ஊசியும் அச்சமும்

உத்திரமேரூரை அடுத்த எங்கள் சிற்றூரில் என் அத்தையின் மார்பில் ஒரு கட்டி தோன்றியது. வலி இல்லாமையால் ஆறு திங்கள் அவர் வாய் திறக்கவில்லை. "ஊசி பட்டால் நோய் உடலெங்கும் பரவும்" என்று அண்டை வீட்டார் வேறு அச்சுறுத்தினர். மாணவ மாணவியரே, அது வீண் அச்சம்.

இறுதியில் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றேன்.

கட்டியிலிருந்து சிறிது தசையை எடுத்து நுண்பெருக்கியின் கீழ் ஆராய்வதே திசுப் பரிசோதனை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதை முன்னரே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். முதலில் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்ய ஊசி போடுவார்கள். அப்பொழுது சுருக்கென்று இருக்கும். பின்னர் ஸ்கேன் கருவியில் கட்டியைப் பார்த்தவாறே, துளையுள்ள ஊசியைச் செலுத்துவார்கள். 'டக்' என்ற ஓசையுடன் அது மெல்லிய தசைத் துணுக்கை எடுக்கும். சிலமுறை இவ்வாறு எடுப்பார்கள். அழுத்தம் தெரியுமேயன்றிக் கூரிய வலி பொதுவாக இராது. பிறகு சற்று அழுத்திப் பிடித்துக் கட்டுப் போடுவார்கள், தையல் வேண்டுவதில்லை. சில நாள் கன்றிப் போயிருக்கும். ஓரிரு நாள் நீர்க்குடம் போன்ற சுமைகளைத் தூக்கலாகாது.

முடிவு வரச் சில நாள் ஆகும். மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. அத்தையின் கட்டியோ புற்றாகவே இருந்தது. சிகிச்சையால் அவர் தேறினார். எனினும், முன்பே வந்திருந்தால் இத்துணைத் துன்பம் நேர்ந்திராது என்றார் மருத்துவர்.

"ஊசி அரை நாழிகை, நான் பயந்ததோ ஆறு மாதம்" என்பார் அத்தை. இதனை உங்கள் அன்னையரிடம் இன்றே சொல்லுங்கள்.