ஏணியும் குலுக்குச் சீட்டும்

ஒரு வாலிபனுடைய கைக்கு விலை என்ன? இந்தக் கேள்வியை நம் தேசத்தில் பகிரங்கமாகக் கேட்டு, பகிரங்கமாகவே விலை கூறியவர் ஓர் அமெரிக்கர். ஜே. பி. பெர்ன்ஸ்டைன் என்னும் அந்த விளையாட்டுத் தரகர், இந்தியாவின் பல நகரங்களில் பந்தெறியும் போட்டி ஒன்றை நடத்தி, அதைத் தொலைக்காட்சியிலும் காட்டச் செய்தார். பேஸ்பால் பந்தை மிகுந்த வேகத்துடனும் குறி தவறாமலும் எறிபவனுக்குப் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. பல்லாயிரம் வாலிபர்கள் வரிசையில் நின்றார்கள். 2008ஆம் ஆண்டில் முடிவு தெரிந்தது. மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்த ரிங்கு சிங் ஒரு லட்சம் டாலர் பெற்றார். தினேஷ் படேல் அவருக்கு அடுத்தபடியாக வந்தார்.

இவ்விருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் பிறந்தவர்கள். ரிங்கு, லாரி ஓட்டுநர் ஒருவரின் ஒன்பது குழந்தைகளில் ஒருவர். இருவரும் லக்னோவிலுள்ள விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறியப் பழகியவர்கள். போட்டிக்கு வருமுன் பேஸ்பால் ஆடியவர்கள் அல்லர். அந்த ஆண்டே அவர்களை லாஸ் ஏஞ்சலீஸுக்கு அழைத்துச் சென்றார்கள். டாம் ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற ஆசிரியர் பயிற்சி அளித்தார். ஒரு புது ஆட்டத்தையும் ஒரு புது பாஷையையும் ஒருங்கே கற்றுக்கொண்டு, 2008 நவம்பரில் இருவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்னும் தொழில்முறைச் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2009 ஜூலையில் அச்சங்கத்தின் ஆரம்பப் படிக் குழுவில் களம் இறங்கினார்கள்.

அதன் பின்னர் நடந்ததை நம்மவரில் பலர் அறியார். தினேஷ் 2010ஆம் ஆண்டின் இறுதியில் விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். ரிங்கு சில ஆண்டுகள் விடாப்பிடியாக உழைத்து, ‘ஏ’ வகுப்புப் படிவரை ஏறினார். கைக் காயங்கள் குறுக்கிட்டன. முதல்தர லீக்கை அவர் எட்டவில்லை. 2018இல் அவர் பேஸ்பாலை விட்டுத் தொழில்முறை மல்யுத்த மேடைக்குச் சென்றார். இதற்கிடையில் 2014இல் இவர்களுடைய கதையை ஹாலிவுட் சினிமாவாக எடுத்து உலகமெங்கும் காட்டிவிட்டது.

இவ்விரு வாலிபர்களின் உழைப்பையும் துணிவையும் நாம் மனமாரப் போற்றுகிறோம். நம் குறை அவர்கள்மீது அல்ல. பல்லாயிரம் பேர் எறிந்தார்கள். இருவர் கப்பல் ஏறாமலே கடல் கடந்தார்கள். மற்றவர்கள் வந்த வழியே வீடு திரும்பினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த நாள் ஒரு மைதானமோ, ஓர் ஆசிரியரோ, மறு சந்தர்ப்பமோ கிடைத்தது? இது குலுக்குச் சீட்டு. சீட்டு விழுந்தவனைக் கொண்டாடுகிற நாம், விழாதவனை எண்ணிப் பார்ப்பதில்லை. விழுந்தவனுக்கும் அதன்பின் என்ன நேர்ந்தது என்று விசாரிப்பதில்லை.

வேகத்தை அளக்கும் கருவி எறிபவனை மட்டுமே கண்டுபிடிக்கும். அந்த ஆட்டத்தின் மற்ற அங்கங்களுக்கு அது பயன்படாது. பேஸ்பால் களத்தின் நடுவே 90 அடிக்கு 90 அடி உள்ள ஒரு சதுரம் உண்டு. அதன் நான்கு மூலைகளில் ஒன்றில் அடிப்பவன் நிற்கிறான். மற்ற மூன்று மூலைகளையும் இடைவெளிகளையும் காப்பவர்களே உள்களக்காரர்கள். இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவே நிற்பவனுக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். அடிக்கப்பட்ட பந்து தரையில் உருண்டும் குதித்தும் அவனிடம் வருகிறது. அடித்தவன் முதல் மூலையை நோக்கி ஓடுகிறான். சுமார் நான்கு வினாடியில் அங்கே சேர்ந்துவிடுவான். அதற்குள் இவன் பந்தின் போக்கை ஊகித்து, கால்களை நகர்த்தி, குனிந்து எடுத்து, நிமிர்ந்து, நூறடிக்கு மேல் குறி தவறாமல் எறிந்தாக வேண்டும். இந்த வித்தையை ஒருநாள் போட்டியில் அளக்க முடியாது. ஒரே செய்கையைப் பல்லாயிரம் தடவை செய்து, தவறி, திருத்திக்கொண்ட பிறகே அது கைவரும். ஆகவே, உள்களக்காரன் ஒருவன் எவ்வாறு உருவாகிறான் என்று பார்த்தால், குலுக்குச் சீட்டுக்கும் ஏணிக்கும் உள்ள வேற்றுமை நன்கு விளங்கும்.

அமெரிக்கர்கள் இதற்கென்று ஓர் ஏணி கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முதல்தரச் சங்கத்தின் கீழும் பல படிகளில் சிறு குழுக்கள் இருக்கின்றன. ஆரம்பப் படி, ‘ஏ’, ‘உயர் ஏ’, ‘இரட்டை ஏ’, ‘மூன்று ஏ’ என்று அவை ஏறிச் செல்லும். ஆரம்பப் படியை விட்டுக் கணக்கிட்டாலும் இன்று இத்தகைய குழுக்கள் 120 உள்ளன. அவற்றில் பல சிறு ஊர்களில் இருக்கின்றன. வாலிபன் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கிறான். இன்று தவறவிட்ட பந்தைப் பிடித்துக் காட்ட, நாளை மறுபடியும் ஓர் ஆட்டம் அவனுக்கு இருக்கிறது.

இந்த ஏணியின் வழியே ஏறியவர்களில் ஜாக்கி ராபின்சனைப்போல் நம் நினைவில் நிற்க வேண்டியவர் வேறொருவர் இல்லை. அவர் 1919இல் ஜார்ஜியா மாகாணத்தில், பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுத நீக்ரோக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ராணுவத்தில் அதிகாரியாக இருந்தபோது, பஸ்ஸில் பின்னால் போய் உட்கார மறுத்ததற்காக 1944இல் ராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார். வெள்ளையரின் லீக்குகள் சுமார் 60 ஆண்டுகளாகக் கறுப்பருக்குக் கதவடைத்திருந்தன. ஆதலால் 1945இல் அவர் கறுப்பர் லீக்கைச் சேர்ந்த கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் குழுவில் ஷார்ட்ஸ்டாப்பாகச் சேர்ந்தார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் சங்கத்தை நடத்திய பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்து ஒப்பந்தம் செய்துகொண்டார்.

ரிக்கி அவரை நேரே முதல்தரக் களத்தில் தள்ளிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1946ஆம் ஆண்டு முழுவதும் தம் சங்கத்தின் கீழ்ப்படிக் குழுவான மான்ட்ரியால் ராயல்ஸில் ஆட வைத்தார். அங்கே ராபின்சன் இரண்டாம் மூலையைக் காக்கப் பழகினார். அந்த லீக்கிலேயே அடிப்பதில் முதலிடம் பெற்றார். 1947 ஏப்ரல் 15ஆம் தேதி புரூக்ளின் குழுவில் முதன்முதலாக நின்றபோது அவருக்குக் கிடைத்தது முதல் மூலை. அதையும் கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டில் மீண்டும் இரண்டாம் மூலைக்கு வந்தார். 1949இல் தமது லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். வசைமொழியும் மிரட்டலும் சூழ்ந்திருந்தபோதே இத்தனையும் கற்றார். நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் ஒரு தனி மனிதர் மைதானத்தில் நின்று தம் இனத்தாருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஏணி இருந்தால் மட்டும் போதாது. அதன் அடிப்படியில் யாரும் கால் வைக்கலாம் என்ற நியாயமும் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை போதிக்கும் பாடம்.

அமெரிக்க ஏணி சொர்க்கத்துக்குப் போவது என்று நாம் சொல்லவில்லை. கீழ்ப்படி வாலிபர்களுக்கு நெடுங்காலம் அற்பச் சம்பளமே கொடுத்து வந்தார்கள். 2022இல் அவர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் ஏற்பட்ட முதல் கூட்டு ஒப்பந்தத்தின்படி, மூன்று ‘ஏ’ படியின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. விளையாட்டும் தொழிலே; அதில் உழைப்பவனும் தொழிலாளியே. அவனுக்கும் ஒற்றுமையால்தான் நியாயம் கிடைத்தது.

நம் தேசத்தில் ஏணியே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் படிகள் சிலவே. ரிங்குவும் தினேஷும் கைவிட்ட அதே ஈட்டியைப் பிடித்தவர் நீரஜ் சோப்ரா. பானிபட் அருகே காந்த்ரா கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பயிற்சிக்கூடம் கிடைத்தது, 2016இல் ராணுவத்தில் உத்தியோகம் கிடைத்தது, 2019இல் முழங்கையில் சத்திர சிகிச்சை நேர்ந்தபோது, குணமடைந்து திரும்பும்வரை தாங்கி நிற்க ஸ்தாபனங்கள் இருந்தன. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் கொணர்ந்தார். கைக் காயம் ரிங்குவுக்கும் வந்தது, நீரஜுக்கும் வந்தது. அத்தகைய வேளையில் தாங்கிக்கொள்ளும் படிகள் சொந்த நாட்டிலேயே இருப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம். ஜே. கோபாலன் திருவல்லிக்கேணிக்கு வந்து பந்து வீசிப் பழகினார். சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் கண்டுகொண்டு, பர்மா ஷெல் கம்பெனியில் ஜீவனத்துக்கு வழி செய்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் டெஸ்ட் ஆடினார். அவ்வாண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவரே. ஹாக்கியிலும் தேர்ந்து, 1935இல் தியான் சந்துடன் நியூஜீலாந்து சென்று வந்தார். இத்தனை பெரிய திறமைக்கும் அடிப்படையாக இருந்தது ஒரு நிலையான சம்பளம். ஆனால் அதுவும் ஒரு துரையின் கண்ணில் பட்டதால் வந்தது. கண்ணில் படாத கோபாலன்கள் எத்தனை பேரோ!

அந்தப் பழைய ஜில்லாவைச் சேர்ந்ததே பெரியபாளையம். 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. ஆடி மாதத்தில் வேப்பிலை உடுத்திப் பவானியம்மனை வணங்க வரும் கூட்டத்தால் தமிழ்நாடெங்கும் அதன் பெயர் தெரியும். ஆரணியாற்றங்கரையிலுள்ள அவ்வூருக்கும் சென்னைக்கும் இடையே 50 கிலோமீட்டர்கூட இல்லை. மறுபுறம் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் நிறைந்திருக்கின்றன. ஆலைகளில் முறை வேலை பார்க்கும் வாலிபர்களுக்குக் கையில் வலுவும் மனத்தில் ஆசையும் இல்லையா? சேப்பாக்கம் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் இடையில் உள்ள படிகள் எங்கே?

ஆதலின் நாம் கோருவது இவை: ஒன்றியந்தோறும் வீட்டு மனையாக மாற்றக்கூடாத ஒரு மைதானம், அதற்குச் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியர், ஆண்டு முழுவதும் படிப்படியாக நடக்கும் போட்டிகள், தேர்ந்த வாலிபனுக்கு ஆலையில் வேலையும் பயிற்சிக்கு விடுமுறையும், காயம்பட்டால் வைத்தியம். பேஸ்பாலோ, கிரிக்கெட்டோ, கபடியோ, ஈட்டியோ, எதுவாயினும் தேவை இதுவே. ஊராட்சிகளும் ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கைகோத்தால் இது மலையைப் பெயர்க்கும் காரியம் அல்ல.

‘வயிற்றுக்கே போராடும் ஜனங்களுக்கு விளையாட்டு எதற்கு?’ என்று சிலர் கேட்பார்கள். விளையாட்டு வேடிக்கை மட்டுமாக இருந்த காலம் போய்விட்டது. இன்று அது பலருக்குச் சோறு போடும் தொழில். தவிரவும், திறமை செல்வர் வீட்டில் மட்டும் பிறப்பதில்லை என்பதை ஜனங்கள் கண்ணாரக் காண்கிற இடம் மைதானத்தைப்போல் வேறொன்று இல்லை. பொதுக் காரியத்தில் ஈடுபட்டிருக்கும் அன்பர்கள், கொடிக்கம்பம் நாட்ட இடம் தேடும் ஊரில் விளையாட்டு மைதானத்துக்கும் இடம் தேடுவார்களாக. வெளிநாட்டார் ஒருவர் கருவியும் காசும் கொண்டுவந்து நம் பிள்ளைகளின் கைகளை மறுபடியும் அளக்கும் வரையில் காத்திருப்பது நமக்கு அழகன்று.